உள்ளிருந்து வந்த விரிசல்

“இந்தப் படகு இனி உதவாதுன்னு அப்பாகிட்ட சொல்லிடுங்கண்ணே. நீங்க சொன்னா நம்புவார்.”

சஃபுரா தாழ்ந்த குரலில் கேட்டதும் டெராமானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலேசியாவின் திரெங்கானு கடற்கரையில் ஃபைபர் படகுகளுக்கு வைத்தியன் அவன்தான். குற்றுயிராகக் கிடக்கும் படகையும் ஒட்டித் தேற்றிக் கடலில் இறக்குகிறவன். அவனிடம் வந்து பொய் சொல்லச் சொல்கிறாளே இந்தப் பெண்!

அவளையும் குறை சொல்ல முடியாது. அவள் அப்பா பாக் சோவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்னமும் தனியாகத்தான் மீன்பிடிக்கப் போகிறார். கடல்தான் அவருக்கு மூச்சு என்று ஊரே சொல்லும். போகாதீர்கள் என்று மகளே சொன்னால் மனிதர் ஒடிந்துபோய்விடுவார். மழைக்காலத்துக்குக் கரையேற்றிய படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்ப இறங்கிக்கொண்டிருந்தன. ஒருநாள் வெறும் படகு மட்டும் ஒதுங்கி வந்தால் என்ன செய்வேன் என்று அவள் அழுதே விட்டாள்.

“முதல்ல பார்க்கறேன்மா” என்று டெராமான் குனிந்தான்.

பழைய படகு. வெளிப்பூச்சில் முடியிழை போலக் கீறல்கள். அது படகுக்கு வயதானால் வருவது, பயமில்லை. பாறையில் மோதியதாகப் பாக் சோ சொல்லியிருந்த முன்பக்கத்து விரிசல்தான் பெரியது. அதைச் சுற்றிச் சுத்தியல் பிடியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். கணீரென்றால் கெட்டி, பொத்தென்றால் உள்ளடுக்கு பிரிந்திருக்கிறது. ஒரு சாண் அகலம்தான் பொத்தென்றது. பிரிந்ததைத் தேய்த்தெடுத்துவிட்டு, கண்ணாடி இழைப்பாயை அடுக்கடுக்காக வைத்துப் பிசின் பூசினால் பேரன் காலம் வரை ஓடும்.

ஆனால் ஒன்று அவனை உறுத்தியது. பாறையில் மோதியிருந்தால் உள்நோக்கி நசுங்கியிருக்க வேண்டும். இது வெளியே புடைத்து, நட்சத்திரம்போல விரிந்திருந்தது. ஏறி உள்ளே பார்த்தான். வட்ட வட்டமாக அடித்த தடம்.

“பாறை செஞ்ச வேலை இல்ல இது. உள்ளேருந்து யாரோ அடிச்சிருக்காங்க. நீயா?”

அல்லாமேல் ஆணையாகத் தான் இல்லை என்றாள் சஃபுரா. டெராமான் நம்பவில்லை. அவளை விட்டால் வேறு யாருக்கு இதில் ஆதாயம்? பெற்றவர் படகை உடைத்ததும் போதாமல், அதை மூடி மறைக்க என் வாயையும் கேட்கிறாளே என்று அவனுக்குக் கசந்தது. பாவம், அந்தக் கிழவருக்கு இரண்டகம் செய்ய அவனால் முடியாது.

பாக் சோ வீட்டுக்குப் பின்னால் தனியாக வலை பின்னிக்கொண்டிருந்தார். மகளை அவன் காட்டிக்கொடுக்கவில்லை.

“படகுக்கு ஒண்ணுமில்ல மாமா. ரெண்டு நாள் வேலைதான். இந்த வருஷமும் நீங்க ராஜா மாதிரி கடலுக்குப் போகலாம்.”

கிழவர் முகத்தில் ஈயாடவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போன வருஷம் புயல்ல மாட்டினதுலேருந்து தண்ணியப் பார்த்தாலே கால் நடுங்குது தம்பி. கடல்தான் என் உசுருன்னு நெனச்சிட்டிருக்கற மககிட்ட இதை எந்த வாயால சொல்லுவேன்? அன்னிக்கே இன்னும் நாலு போடு போட்டிருக்கணும், பாழாப்போன கை வலிச்சிருச்சு.”