பதினோராவது கட்டம்

தச்சரின் கையில் சுற்றிய ரத்த அழுத்தப் பட்டையிலிருந்து காற்று மெல்லச் சீறி இறங்குகிறது. எல்லாம் சரியாகவே இருக்கிறது. ஞாயிறுதோறும் ஆசைக்கு ஓட்டுகிற இரண்டு இருக்கை விமானத்துக்கு, இந்த டாக்டரின் சான்றிதழ் இருந்தால்தான் உரிமம் புதுப்பிப்பார்கள். வருகிற ஞாயிறு முதல்முறையாகத் தம்பியோடு பறக்கப்போகும் அக்கா பக்கத்து நாற்காலியில் பூரித்து உட்கார்ந்திருக்கிறாள். “இவன் உடம்பு இரும்புங்க. ஏழு வயசுல ரெண்டு தடவை வலிப்பு வந்துச்சு, நான்தான் மடியில போட்டுப் பிடிச்சிருந்தேன். அதுக்கப்புறம் ஒரு தும்மல்கூட கிடையாது!” டாக்டரின் பேனா நிற்கிறது. ஜன்னல் வெயில் விழுந்த படிவத்தில், ‘எப்போதாவது இருந்ததா?’ என்ற முப்பது வியாதிகளுக்கும் ‘இல்லை’ கட்டங்களின் நடுவே மேலிருந்து கீழே தச்சர் ஒரே கோடு இழுத்திருக்கிறார். ரம்பம் வைப்பதற்குமுன் பலகையில் போடுகிற, பிசிறில்லாத அதே கோடு. பேனா முனை ‘வலிப்பு’ என்ற பதினோராவது கட்டத்தில் ஊன்றி, மைப்பொட்டு பெரிதாகிக்கொண்டே போகிறது. “காதுல விழாத மாதிரி நான் இருக்க முடியாதுங்களே,” என்கிறார் டாக்டர், மன்னிப்புக் கேட்கிற குரலில். “அது முப்பது வருஷக் கதைங்க,” என்று சிரிக்கிறாள் அக்கா. “வருஷக் கணக்கு இதுல கேக்கலம்மா. எப்பவாவதுன்னுதான் கேக்குது. ஆமான்னா நான் கையெழுத்துப் போட முடியாது.” சிரிப்பு பாதியில் நிற்க, அவள் தம்பியின் முகத்தைப் பார்க்கிறாள். மடித்துவிட்ட அவர் சட்டைக் கையை இறக்கி, பொத்தானைத் துளையில் நுழைக்கிறாள். “நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனாடா?”

“இல்லக்கா.”