காணாமல் போன பிறை

“எல்லாரும் பையைத் திறந்து காட்டுங்க!”

டீச்சர் இப்படி அதட்டியதே இல்லை. மழலையர் வகுப்பின் பதினேழு வாண்டுகளும் புதுச்சட்டை சரசரக்கப் பைகளைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். பென்சில் விழுந்தது, பாதி பிஸ்கட் விழுந்தது, யாருடைய சாக்ஸோ ஒன்று விழுந்தது. பிறை மட்டும் விழவில்லை.

வெள்ளித்தாள் ஒட்டி, இரண்டு நாள் மெனக்கெட்டு டீச்சர் செய்த அட்டைப் பிறை அது. திரையை விலக்கியதும் பிள்ளைகள் அதைப் பார்த்து “பிறை தெரியுது!” என்று கத்த வேண்டும். அப்புறம்தான் வாழ்த்து, இனிப்பு எல்லாம். இந்தப் பள்ளியில் பெருநாள் கொண்டாடுவது இதுவே முதல் தடவை. தலைமையாசிரியை வர இன்னும் பத்தே நிமிடம்.

“இது அந்த வாலுப்பய வேலைதான்” என்றார் ஆயா. “நேத்து பூரா அதையே தடவித் தடவிப் பார்த்துக்கிட்டிருந்தான். இன்னைக்கு ஆளையே காணோம், பாருங்க!”

டீச்சருக்கும் அதே சந்தேகம்தான். வாலுவின் உயிர்த்தோழன் பக்கம் திரும்பினார். வகுப்பில் அவனுக்குப் பெயர் ‘பெரிய மனுஷன்’. அவன் வீட்டுப் பண்டிகை என்பதால், பிறை தெரிந்தால்தான் பெருநாள், தெரியாவிட்டால் மறுநாள்தான் என்று வாரம் முழுக்க வகுப்புக்கே பாடம் எடுத்தவன். இத்தனை அமளியிலும் அவன் மட்டும் பாயை விட்டு அசையாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“உன் ஃப்ரெண்டு எடுத்துட்டுப் போனானாடா?”

“அவன் எடுக்கலை டீச்சர். அவன் நல்லவன்.”

பாவம், நல்ல நாள் அதுவுமாக இந்தப் பிள்ளையின் முகம் வாடிவிடக் கூடாதே என்று டீச்சருக்கு மனசு அடித்துக்கொண்டது. வாலுவின் அம்மாவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

“பிறையா? இங்க இல்லையே டீச்சர். அவனுக்கு நேத்து சாயங்காலத்துலேர்ந்து காய்ச்சல். இப்பதான் விட்டிருக்கு. பெருநாளுக்குப் போகணும்னு ஒரே அழுகை. நாளைக்குக் கண்டிப்பா அனுப்பிடறேன்.”

அதைக் கேட்டதுதான் தாமதம், பெரிய மனுஷன் துள்ளி எழுந்தான். அவன் உட்கார்ந்திருந்த பாய்க்கடியில் வெள்ளித்தாள் பளபளத்தது. டீச்சர் வாயைத் திறப்பதற்குள், அவன் வகுப்பைப் பார்த்துக் கையை உயர்த்தினான்.

“இன்னைக்குப் பிறை தெரியலை. பெருநாள் நாளைக்குத்தான்!”