பங்குக் கிணத்து எஞ்சின்

"சாக்காட்டிப் போட்டாள்! நல்ல எஞ்சினைச் சாக்காட்டியே போட்டாள்!"

உதயகலா போட்ட சத்தத்திலை, உரும்பிராய் ரோட்டாலை சைக்கிளிலை போன ஆக்களும் ஒருக்கா நிண்டு, எஞ்சின் திருத்திற ஜெயரூபன்ரை கராச்சை எட்டிப் பாத்தினம்.

கராச்சின்ரை மற்றப் பக்கம் ரஞ்சினி கையைக் கட்டிக்கொண்டு நிண்டா. ஆருக்குச் சொன்னதோ எண்ட மாதிரி ஒரு பார்வை.

ரண்டு பேருக்கும் பங்குக் கிணறு. ரண்டு பேரும் சேந்து வாங்கின, தண்ணி இறைக்கிற எஞ்சின். ஒருநாள் உதயகலாவின்ரை வெங்காயத்துக்கு, மற்றநாள் ரஞ்சினியின்ரை வெங்காயத்துக்கு. முந்தி நகமும் சதையுமாய்த் திரிஞ்சவை. உதயகலாவின்ரை மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு, வீட்டை வந்து சொல்லாமல் போனிலை சொல்லிப்போட்டா எண்டு ரஞ்சினி போகேல்லை. அவ்வளவுதான். அண்டையிலையிருந்து ரண்டு பேருக்கும் கதை பேச்சில்லை. கோவிக்கிறதுக்கு எங்கடை ஆக்களுக்கு உவ்வளவும் போதும், கடவுளே!

இப்ப வெங்காயம் திரளுற நேரம் பாத்து எஞ்சின் நிண்டிட்டுது. இன்னும் ரண்டு மூண்டு நாள் தண்ணி இல்லையெண்டால் ரண்டு தோட்டமும் கருகிப்போகும்.

"தம்பி, அவவிட்டைக் கேள். எஞ்சினுக்கு ஒயில் எண்டு ஒரு சாமான் விடவேணும், அது தெரியுமோ எண்டு கேள்," எண்டா உதயகலா.

"தம்பி, எஞ்சின் நிண்டது அவவின்ரை முறையிலை எண்டு சொல்லுங்கோ," எண்டா ரஞ்சினி.

"எனக்குக் காது கேக்குதெண்டு சொல்லு!"

ஜெயரூபனுக்குச் சிரிப்பை அடக்கேலாமல் கிடந்தது. தலையைக் குனிஞ்சுகொண்டு எஞ்சினைக் கழட்டினான்.

"திருத்தின கையோடை வித்துப்போடு தம்பி. இனி எனக்கு உந்தப் பங்கு வேண்டாம்," எண்டா உதயகலா.

ரஞ்சினியின்ரை முகம் செத்துப்போச்சு. தனிய ஒரு எஞ்சின் வாங்க அவவாலை ஏலாது. எஞ்சின் போனால் தோட்டமும் போச்சு.

ஜெயரூபன் பிஸ்ரனை வெளியிலை எடுத்தான். துடைச்சான். வெளிச்சத்திலை பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"அக்கா, இதிலை தேய்மானமே இல்லை. ஒரு கீறல் கூட இல்லை."

"அப்ப ஏன்ரா நிண்டது?"

"கவனிக்காமல் விட்டு நிண்டதில்லை. கவனிப்புக் கூடி நிண்டது."

"என்னடா விசர்க்கதை கதைக்கிறாய்?"

"போனமுறை நான் சொன்னனானெல்லே, ஒயில் மாத்தேக்கை ஒரு மூடி தேய்மான மருந்தும் சேத்து விடுங்கோ எண்டு. இரும்பும் இரும்பும் நெரிச்சு உரசுற இடத்திலை வெறும் ஒயில் நிக்காது அக்கா, பிதுங்கிப் போயிடும். அந்த மருந்துதான் சூட்டுக்கு இரும்பிலை பிடிச்சு, மெல்லிய தோல் மாதிரிப் படியும். உரசல் அந்தத் தோலைத்தான் தின்னும், இரும்பிலை கை வைக்காது. தோல் தேயத் தேய மருந்து திரும்பப் படியும்."

"நல்லதுதானே?"

"அளவோடை விட்டால் நல்லது. இது ஆரோ கண்மண் தெரியாமல் விட்டிருக்கினம். மிஞ்சினது எரிஞ்சு, கரியாகி, பிஸ்ரன் ரிங்கையே இறுக்கிப் போட்டுது. இஞ்சை பாருங்கோ."

உதயகலா கிட்ட வந்து எட்டிப் பாத்திட்டுப் பின்னுக்குப் போனா.

ரஞ்சினி நிலத்தைப் பாத்தபடி மெல்லமாச் சொன்னா.

"நான்தான் தம்பி. அவவின்ரை முறை வாற நாளிலை விடியவே போய் ஒரு மூடி விட்டிடுவன். அவவுக்கு நாரிப்பிடிப்பு, குனிஞ்சு நிமிரேலாது. எஞ்சின் இடையிலை நிண்டால் திரும்ப ஸ்ரார்ட் பண்ணக் கயித்தை இழுத்து இழுத்துச் செத்துப்போவா எண்டு…"



ஜெயரூபன் கரியை விரலாலை சுரண்டிப் பாத்தான். தலையை ஆட்டினான்.

"இல்லை அக்கா. ஒராள் விட்டு உவ்வளவு கரி வராது. இது ரண்டு மடங்கு கிடக்கு."

உதயகலா சீலைத் தலைப்பை விரலிலை சுத்திச் சுத்தி அவிட்டா.

"சரி, துப்புரவாக்கிப் பூட்டினால் பின்னேரமே ஓடும். விக்கிறதுக்கு ஆள் பாக்கிறதோ அக்கா?"

"உன்ரை வாயைப் பொத்து!"

இவ்வளவு நாளுக்குப் பிறகு உதயகலா ரஞ்சினியின்ரை முகத்தை நேரை பாத்தா. கண்ணாலை பொலபொலவெண்டு கொட்டுது.

"விசரி, என்ரை இறைப்பு முடியிற ஒவ்வொரு நாளும் நானும்தானடி ஒரு மூடி விட்டிட்டுப் போனனான்… உழைக்கப் போன உன்ரை மனிசன் கட்டாரிலை, அடுத்தநாள் எஞ்சின் நிண்டால் தனிய நிக்கிற நீ ஆரையடி கூப்பிடுவாய்?"