மாமரத்தடியில் ஒரு குவியல்

மும்பை செம்பூர் குடியிருப்பில், வெட்டிய புதரை மிஷினில் அரைத்த மரச்சில்லுகள் மாமரத்தின் தண்டோடு ஒட்டி இடுப்புயரம் குவிந்திருந்தன. கலைச்செல்வி அவற்றை இரண்டு கையாலும் வாரி விலக்கினாள்.

"மரத்துக்கு நல்லதுன்னு போட்டத ஏம்மா கலைக்க?" என்றார் சொசைட்டி செக்ரட்டரி சுரேந்திரன்.

"நல்லதா அண்ணாச்சி? சில்ல வேர்ப்பக்கம் பரப்பணும். அப்பத்தான் மண்ணு காயாது, மக்கி உரமாவும். தண்டச் சுத்தி ஒரு சாண் இடம் விடணும். ஒட்டிக் குவிச்சா மழையில ஊறி, பட்டை அழுவி மரம் செத்துரும்."

"தோட்டக்காரனுக்கு அதெல்லாம் தெரியுமா? விடு."

"நீங்க சொல்லித்தான் குவிச்சேன்னு சொல்லுதான்."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

கலைச்செல்வி நிமிர்ந்தாள்.

"போன வருஷம் எங்க கொய்யாவுக்கு நான் இப்படித்தான் குவிச்சேன். கீழ உக்காந்து விலக்கிவிட்டு, இந்த ஒரு சாண் கணக்கச் சொல்லித் தந்ததே நீங்கதான?"

சுரேந்திரன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பச்ச மரத்த வெட்ட அனுமதி கிடைக்கல. அதான் பட்டுப்போகட்டும்னு பாக்கியளா? கார் நிறுத்தவா?"

"மெதுவாப் பேசு. கமிட்டி முடிவு இது. உன் வீட்டுக்காரரும்தான் கை தூக்குனாரு."

அவள் மாடியில் தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு குனிந்து முன்னைவிட வேகமாக வாரினாள்.

"அப்ப அவரையும் கீழ வரச் சொல்லுங்க. தூக்குன கையால வந்து வாரட்டும்."