சாம்பலைத் தொட்டுப் பார்த்தவர்கள்

ஓடைக்கரையில் கூடாரம் போட்டிருந்த இருவரையும் குரங்கு இரண்டு நாளாக மரத்திலிருந்து உளவு பார்த்துக்கொண்டிருந்தது. அதே மரத்தில்தான் மலையணில் கூடு கட்டிக் குட்டி போட்டிருந்தது.

கிளம்பும் நாளன்று அந்த இருவரும் பழத்தோலைக்கூட விடாமல் பொறுக்கிப் பையில் கட்டினார்கள். அடுப்பில் தண்ணீர் ஊற்றினார்கள். கிளறிவிட்டு மறுபடியும் ஊற்றினார்கள். கடைசியில் இருவரில் பெண்ணாக இருந்தவள் சாம்பலுக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

“பார்த்தியா? எதையோ ஒளிச்சு வைக்கிறா,” என்றது குரங்கு.

“சூடு இருக்கான்னு பார்க்கிறாளோ என்னவோ,” என்றது மலையணில்.

“அட போ! தப்பு பண்ணாதவங்க எதுக்குத் தடயத்தை அழிக்கணும்?”

அவர்கள் போனதும் குரங்கு இறங்கிவந்து சாம்பலைத் தோண்டியது. முழங்கை ஆழம் போயும் ஈரமண்தான் வந்தது. “பலே திருடனுங்க!” என்றது. சந்தேகம் இன்னும் முற்றியது.

மறுவாரம் வேறொரு கூட்டம் வந்தது. ஆட்டமும் பாட்டுமாக இருந்துவிட்டு, தின்று மிஞ்சிய சிப்ஸையும் பிரியாணிப் பொட்டலங்களையும் அப்படியே போட்டுவிட்டுப் போனது. குரங்கு வயிறு முட்டத் தின்றது.

“இவங்கதான் கள்ளமில்லாதவங்க. எதையாவது மறைச்சாங்களா, பாரு.”

மலையணில் காற்றை மோந்து பார்த்தது. “ஏதோ புகையுதே?”

“அடுப்புதான். நாம குளிர் காயணும்னு அணைக்காம விட்டுட்டுப் போயிருக்காங்க,” என்று குரங்கு அதன் பக்கத்தில் வாகாகச் சாய்ந்துகொண்டது.

மலையணில் தன் கூட்டை அண்ணாந்து பார்த்தது. மரத்தடி முழுக்கச் சருகு காய்ந்து கிடந்தது. காற்று கிளம்பியது.