நூற்றொரு வரி

"அங்கிள், இன்னிக்குமா? எதுக்கு இப்படித் தலையைச் சுத்தி மூக்கைத் தொடறேள்?"

மாளவிகாவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. மணி ஐந்தரை. தம்பானூரின் அந்த மாடிக் கம்ப்யூட்டர் சென்டரைப் பூட்டிவிட்டு ஓடினால்தான் ஆறு மணிப் படத்தைப் பிடிக்க முடியும். தியேட்டர் வாசலில் தோழி ரெம்யா டிக்கெட்டோடு நிற்கிறாள். திங்களும் செவ்வாயும் படம் தவறிப்போனது இதே ராஜையனால்தான்.

அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பாறசாலையிலிருந்து வந்து புரோகிராம் எழுதப் படிக்கிறார். பயிற்சி ரொம்பச் சுலபம். யாராவது மார்க்கைத் தட்டினால், அது பூஜ்யத்திலிருந்து நூற்றுக்குள் இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் பார்க்க வேண்டும்.

ராஜையன் எழுதியது இப்படி: மார்க் பூஜ்யமா, சரி. ஒன்றா, சரி. இரண்டா, சரி. ஒற்றை விரலால் தட்டித் தட்டி இப்போது முப்பத்தேழில் நின்றார்.

பூஜ்யத்துக்குக் கீழே போகாமல், நூற்றைத் தாண்டாமல் இருந்தால் சரி என்று ஒரே வரியில் எழுதலாம் என்பதைத் திங்களன்றே சொல்லிக் கொடுத்தாள். நன்றாகத் தலையாட்டினார். மறுநாள் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தார்.

"பிடி கிட்டல்ல டீச்சரே. பழைய மண்டையில்லா" என்றார் இப்போதும்.

வகுப்பில் எல்லாரும் பயிற்சியை முடித்தால் ஐந்தரைக்குப் பூட்டலாம். ஒருவர் பாக்கி இருந்தாலும் ஆறரை வரை திறந்து வைக்க வேண்டும். அது சென்டரின் சட்டம்.

ஐந்தே முக்காலுக்கு ஷெமி மூச்சு வாங்க வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். வேறு வகுப்புக்காரி; சென்டர் திறந்திருந்தால் வந்து பழகிக்கொள்வாள். ஜவுளிக்கடையில் வேலை. அவளுக்கு எப்போதும் இந்த நேரமாகிவிடும்.

ராஜையன் டீ குடிக்கக் கீழே இறங்கினார். மாளவிகா சட்டென்று அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த ஒரு வரியைத் தானே எழுதி, முடிந்தது என்று பூட்டிவிடத்தான்.

அவர் ஃபோல்டரில் இன்னொரு ஃபைல் இருந்தது. சேமித்த நாள் திங்கள். உள்ளே அவள் சொன்ன அதே ஒற்றை வரி. எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டினாலும் ஏற்காதபடி, அவள் சொல்லித் தராததையும் சேர்த்திருந்தார். ஓட்டிப் பார்த்தாள். கொஞ்சமும் பிசகவில்லை.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பி வந்தவரிடம் திரையைக் காட்டினாள்.

ராஜையன் குரலைத் தாழ்த்தினார். "நான் முடிச்சா நீங்க பூட்டிருவீங்கல்லா டீச்சரே. அந்தப் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை பரீட்சை. வீட்டுல கம்ப்யூட்டர் கெடையாது."

ஷெமி நிமிரவே இல்லை. கடை யூனிஃபார்ம் சேலையைக்கூட மாற்றாமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

மாளவிகாவுக்கு வெட்கமாக இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டு வந்து கதையைச் சொல் என்று ரெம்யாவுக்குச் செய்தி அனுப்பினாள். பிறகு பின்வரிசைக்கும் கேட்கும்படி ராஜையனை அதட்டினாள்.

"நூறு போறாது அங்கிள். நாளைக்கு ஆயிரம் வரைக்கும் எழுதுங்கோ. ஒண்ணொண்ணா."