ஒன்பது அங்குலச் சுவர்

திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கியது.

தவசிமுத்து அண்ணன் மூச்சு விடுகிறார்.

ஆய்வகத்தின் நடுவே இதற்கென்றே கட்டிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் கோரைப்பாயில் அவர், ஆய்வக உதவியாளர். இந்தப் பக்கம் கருவி, கணினி, அவள். அவளுக்குப் பின்னால் பியூலா மேடம், அவளுடைய வழிகாட்டி. நாற்காலிகளில் மூன்று பேர். ராணுவ ஆராய்ச்சி நிதியிலிருந்து வந்தவர்கள்.

கட்டடம் இடிந்து உள்ளே சிக்கியவர்களைத் தேடத்தான் இந்தக் கருவியைச் செய்தார்கள். அதற்கு வந்த பணம் இரண்டு வருடத்தில் நின்றது. பிறகு இவர்கள் வந்தார்கள். அவளுடைய உதவித்தொகை இவர்கள் தருவது. வருகிற முப்பத்தொன்றாம் தேதியோடு முடிகிறது. ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயம் பாக்கி.

இன்று இவர்கள் சரி என்று எழுதினால் இன்னும் மூன்று வருடம்.

"மேடம், இந்தக் காலேஜ்ல மூச்சு விடுறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு நாந்தான்" என்று சுவருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

மூத்த அதிகாரி சிரித்தார்.

"கொஞ்ச நேரம் விடாம இருங்கண்ணே, பாப்போம்" என்றார்.

கோடு படுத்துவிட்டது.

சுவருக்கு அப்பால் யாருமே இல்லாத மாதிரி.

அதிகாரி மேடத்தைக் கேட்கவில்லை. அவளைக் கேட்டார்.

"இடிபாட்டுல கெடக்குறவன் மூச்ச அடக்க மாட்டாம்மா. ஒளிஞ்சிருக்கறவன் அடக்குவான். அப்ப என்ன செய்வீங்க? நெஞ்சுத் துடிப்பு தெரியுமா இதுல?"

தெரியும்.

மயங்கிக் கிடப்பவர்களுக்கு மூச்சு மெலிந்துவிடும். அவர்களுக்காக எட்டு மாதம் அதைத் தேடினாள். கிடைத்தது. எங்கும் இன்னும் எழுதவில்லை. முறையாக மேடத்துக்கு மட்டும் சொல்லியிருக்கிறாள். ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், இந்தத் திரையிலேயே வந்துவிடும்.

மூன்று வருடம்.

ஒளிந்திருப்பவன்.

அவளுக்கு ஏனோ ஒரு கட்டில் தெரிந்தது. அதன் அடியில் ஒருத்தி, பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு.

மேடத்தைத் திரும்பிப் பார்த்தாள். மேடம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி பக்கம் திரும்பினாள்.

"இல்ல சார். துடிப்பு ரொம்பச் சின்ன அசைவு. சுவரைத் தாண்டி வராது."

குரல் தடுமாறவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அதிகாரி ஒரே ஒரு வரி எழுதினார். கோப்பை மூடினார். மூவரும் எழுந்தார்கள். மேடத்தின் விரல்கள் அவள் தோளில் ஒரு கணம் அழுந்தி விலகின.

"போதும்ணே, வாங்க" என்றாள். மூச்சு விடலாம் என்று யாரும் இதுவரை அவரிடம் சொல்லவில்லை.

அவர் இரைக்க இரைக்க வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"நல்லா தம் கட்டுறீங்களே" என்று அதிகாரி கைகொடுத்தார்.

தவசிமுத்து அண்ணன் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்ட என்ன சார் இருக்கு? எல்லாம் இந்தப் புள்ளயச் சொல்லணும். போன மாசம் இப்படித்தான் படுத்துக் கெடந்தேன், பாத்துக்கிடுங்க. அண்ணே, உங்க நெஞ்சு நடுநடுவுல ஒரு துடிப்ப விட்டுட்டுத் துடிக்கி, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லிச்சு. பெரியாஸ்பத்திரில பாத்தா அப்படியே இருக்கு! சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்தே கண்டுபிடிச்சிருக்கு சார்!"

சொல்லிவிட்டு அவளைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தார்.

மூத்த அதிகாரி மறுபடியும் உட்கார்ந்தார்.

நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு.